கம்பளிப்பூச்சி மரம்

வில்லாபுரத்தில் நாங்கள் குடிபோன வீட்டில் போர் தண்ணீர் உப்பு. மண்ணோ வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும். ரோஜா வைத்தேன், கருகியது. தக்காளி வைத்தேன், அதுவும் போனது. என் வீட்டுக்காரர் எங்கிருந்தோ ஒரு முருங்கைப் போத்து, கை தடிமனுக்கு ஒரு கிளைத்துண்டு, வெட்டிவந்து வாசலோரம் ஊன்றினார். அந்தச் சனியன் மட்டும் ஒரே வருஷத்தில் மாடியை எட்டிவிட்டது. "நம்ம மண்ணுக்கு இதுதேன்" என்று தெருவுக்கெல்லாம் காய் கொடுத்துப் பெருமையடித்தார்.

ஐப்பசி மழை பிடித்ததும் வந்தது வினை. காலையில் கோலம் போட வந்தவள் "அய்யய்யே!" என்று அலறிவிட்டேன். அடிமரம் முழுக்கக் கம்பளிப்பூச்சி. ஒன்றன்மேல் ஒன்று அப்பிக்கொண்டு, மரத்துக்கே மயிர் முளைத்து அசைவதுபோல. செருப்புக்குள், கதவிடுக்கில், குடத்தின் விளிம்பில்கூட ஊர்ந்தது. மிதித்தால் பச்சையாகப் பிதுங்கும். தூ!

வீட்டுக்காரர் பந்தம் கட்டி மண்ணெண்ணெயில் நனைத்துப் பொசுக்கினார். தீய்ந்த நாற்றத்தில் அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. "வெட்டித் தொலைங்க" என்றேன்.

"காய்க்கிற மரத்தை எவளாவது வெட்டச் சொல்லுவாளா?" என்றார்.

அந்த வாரமே, கொடியில் காய்ந்த துணியை எடுத்து என் கைப்பிள்ளைக்குச் சுற்றினேன். பிள்ளை வீறிட்டது. பிரித்துப் பார்த்தால் மடிப்புக்குள் நசுங்கிய பூச்சி. தொடை முழுக்கத் தடிப்புத் தடிப்பாக. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் நான் யாரையும் கேட்கவில்லை. ஆள் கூட்டிவந்து மரத்தை அடியோடு சாய்க்கச் சொன்னேன். பிள்ளையின் தொடைக்கு மருந்து தடவியபடி வீட்டுக்காரர் உள்ளேயே இருந்துகொண்டார்.

மரம் விழுந்த சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. "ஒங்க வீட்டுப் பூச்சி எங்க அடுப்படி வரைக்கும் வருது" என்று முந்தின நாள் சண்டைக்கு வந்த பக்கத்து வீட்டு அக்காதான் முதல் ஆளாக நல்ல போத்து ஒன்றைப் பார்த்து இழுத்தார்.

"அம்புட்டையும் குப்பையிலயா போடப் போற? நல்லாக் காய்ச்ச மரமாச்சே!"

ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். தெருவெல்லாம் மறுபடி பூச்சி வளர்க்கப் போகிறார்களே என்று எனக்கு வயிறெரிந்தது. அக்கா தன் போத்தை எங்கள் சுவரோரமாகவே ஊன்றி, உச்சி காயாமலிருக்கச் சாணியும் அப்பி வைத்தார்.

கொஞ்ச நாளில் அதில் துளிர் எட்டிப் பார்த்தது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, சுவருக்கு மேலே எக்கி, "அக்கா, போத்து பிடிச்சிருச்சு!" என்று சந்தோஷமாகக் கத்தியது என் வீட்டுக்காரர்தான்.