கோபத்துக்கு ஒரு சேமக்காலை

எட்டு வயதில் நான் எடுத்த முதல் நன்மை, பாதர் நாவில் வைக்கும் முதல் நற்கருணை, ஏழு வயதில் எடுத்திருக்க வேண்டியது. முதல் வருட ஒத்திகையில் கோயில் ஒலிபெருக்கி திடீரென்று கிரீச்சிட்டது. நான் அலறி, கையிலிருந்த மெழுகுதிரியால் முன்னால் நின்ற பிள்ளையின் தலையில் ஒன்று போட்டேன். திரி பற்றவைக்கப்படாதது அந்தப் பிள்ளையின் அதிர்ஷ்டம். என்னை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைத்தார்கள். என் வகுப்புப் பிள்ளைகள் வெள்ளைச் சட்டையோடு வரிசையில் போக, நான் பின்னால் வாங்குப் பலகையில் இருந்து பார்த்தேன். அந்த வெட்கம் இன்றைக்கும் சுடுகிறது.

ஓட்டிசம் என்ற சொல் மன்னார்க் கரையிலிருந்த எங்கள் வீட்டுக்கு வந்து சேர எனக்குப் பதின்மூன்று வயதாக வேண்டியிருந்தது. அதுவரை நான் குழப்படிக்காரி. இரக்கமுள்ளவர்களின் வாயில், கண்ணூறு நாவூறு பட்ட பிள்ளை. எனக்குத் தெரிந்ததெல்லாம், சத்தம் கூடினாலோ ஒழுங்கு மாறினாலோ வயிற்றிலிருந்து ஒன்று கிளம்பி வாய்க்கு வரும் என்பதுதான். வந்துவிட்டால் பிறகு அது என் சொல்லைக் கேட்காது.

இரண்டாம் வருடம், ஞாயிறு மறைக்கல்வி படிப்பிக்கும் சிஸ்டர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"பெம்பிளைப் பிள்ளைக்கு அடக்கம் வேணும். கோபம் வந்தால் அடக்கோணும். இந்த முறையும் குழப்பினால் நான் ஒண்டும் செய்யேலாது, சொல்லிப்போட்டன்."

அடக்கம் என்றால் எனக்கு நன்றாகத் தெரியும். ஊரில் யாராவது செத்தால் ஒலிபெருக்கியில் சொல்வார்கள்: நான்கு மணிக்குத் திருப்பலி, பிறகு சேமக்காலையில் அடக்கம். குழி வெட்டி, உள்ளே இறக்கி, மண்ணைப் போட்டு மூடுவது. கோபத்துக்கும் அதைச் செய்யலாம் என்று இத்தனை நாளும் ஒருவரும் சொல்லவில்லையே! சிஸ்டர்மேல் எனக்கு நன்றி பொங்கியது.

அன்று பின்னேரமே வேலையைத் தொடங்கினேன். அக்கா என் பள்ளிக் கொப்பிகளை இடம் மாற்றி வைத்திருந்தாள். வயிற்றில் அது எழும்பியதும் கடற்கரைக்கு ஓடினேன். முழங்கை மறையுமட்டும் தோண்டி, குழிக்குள் முகத்தை வைத்துக் கத்தி, அது ஏறி வருவதற்குள் மண்ணைத் தள்ளி மூடினேன். மேலே தென்னோலை ஈர்க்கால் ஒரு சிலுவையும் நட்டேன். செய்வதை முறைப்படி செய்ய வேண்டுமல்லவா? எழும்பியபோது கை நொந்தது, மூச்சு வாங்கியது, கோபத்தைக் காணவில்லை.

ஒரு கிழமையில் அப்பாவின் படகைச் சுற்றி நடக்க இடமில்லாமல் போனது.

"எடியே, எத்தினை பேரைத் தாட்டு வச்சிருக்கிறாய்?"

பதினொன்று என்று சரியாகச் சொன்னேன். அப்பா சிரிக்கவில்லை. படகை மற்றப் பக்கத்தால் இறக்கினார்.

பள்ளிக்கூடத்துக்குக் கடற்கரையைக் கொண்டுபோக முடியாதென்பதால், அம்மா ஒரு பழைய பால்மாத் தகர ரின்னில் மண் நிரப்பித் தந்தார். அதற்குள் விரல்களை விட்டுத் தோண்டுவேன். சின்னக் கோபத்துக்கு அது போதும்.

முதல் நன்மை நாளன்று ரின் கூடாதென்று சிஸ்டர் சொல்லிவிட்டார். அம்மா விடவில்லை. வெள்ளைச் சட்டையின் உட்புறம் ஒரு பை தைத்து மண்ணைப் போட்டுவிட்டார். வரிசை நகர்ந்தது. எனக்கு முன்னால் மூன்று பேர். அக்கா நின்ற பாடகர் குழு நன்மைப் பாட்டைத் தொடங்க, ஒலிபெருக்கி கிரீச்சிட்டது.

பைக்குள் கையை விட்டேன். அந்தக் கைப்பிடி மண் எந்த மூலைக்கு? அது நெஞ்சு வரை வந்துவிட்டது. இன்னொரு வருடம் வாங்கில் இருக்க மாட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பி, நடுவழியால் வெளியே ஓடினேன். "அங்கை, ஓடுது பார்" என்று யாரோ சொன்னது கேட்டது.

கோயில் முற்றத்துப் பூவரச மரத்தின் கீழே முழங்காலில் இருந்து தோண்டினேன், நல்ல ஆழமாக. கத்தினேன். மூடினேன். ஈர்க்குத் தேட நேரமில்லை, விரலால் சிலுவை கீறினேன். கையைச் சட்டையிலேயே துடைத்துவிட்டு உள்ளே நடந்து போனேன். கோயிலுக்குள் ஓடக் கூடாது என்பது சட்டம்.

முன்னால் நின்ற மூவரும் வாங்கிப் போயிருந்தார்கள். பின்னால் நின்றவர்கள் அசையாமல் நிற்க, என் இடம் அப்படியே இருந்தது. பாதர் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் போய் நின்று வாயைத் திறந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அக்காவைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பாட்டுக்கு இரண்டே சரணம். அன்று இரண்டாவதை ஐந்து தரம் பாடினார்கள். பூவரசடியிலும் என் காது எண்ணிக்கொண்டுதான் இருந்தது.

"ஏன் பிழையாப் பாடினனீங்கள்?"

"ஓம், பிழைச்சுப் போச்சு" என்றாள் அக்கா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

நான் விடுவேனா? அந்த மாதம் முழுக்க, பின்னேரம் தவறாமல் அவளைக் கதிரையில் இருத்தி, இரண்டு சரணத்தோடு நிறுத்தப் பழக்கினேன். அவளும் நான் சொன்னபடியே பழகினாள்.