பெயர் எழுதாத அறை

சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று மூன்று உருண்டை கம்பளி நூலைப் பையில் போட்டுக்கொண்டு அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா திருவாலங்காடு ஸ்டேஷனில் வந்து இறங்கினாள். இன்னும் பூச்சு வேலை தொடங்காத எங்கள் புது வீட்டுத் தரையில் அந்த நூல்களைச் சுவரோரமாக ஓட்டி, செங்கல் துண்டு வைத்து நிறுத்தினாள். சிவப்பு இன்டர்நெட், பச்சை டிவி, மஞ்சள், வாசல் கேட்டிலிருந்து சமையலறைக்குப் பேசும் போன். "நெனச்ச எடத்துல வயர இழுக்கக் கூடாதுடா. ஊட்ல யாரு எங்க குந்துவாங்கன்னு பாத்து இழுக்கணும்" என்றாள்.

காக்களூர் தொழிற்பேட்டையில், வண்டிகளுக்கு வயர்க் கட்டு தயாரிக்கும் ஒரு கம்பெனியில் பல வருஷம் வேலை பார்த்தவள் அவள். மாமா இறந்த பிறகு, பிள்ளையும் இல்லாமல், அங்கேயே ஓர் ஒற்றை அறை வாடகை வீட்டில் தனியாக இருந்தாள். அவளை எங்களோடு வைத்துக்கொள்ளத்தான் கிழக்குப் பக்கம் கூடுதலாக ஓர் அறை கட்டினேன். அவள் வராவிட்டால் அந்த வீடு கட்டியதற்கே எனக்கு அர்த்தமில்லை. ஆனால் அதை அவளிடம் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொந்த அக்காவைப் போய் 'வா' என்று கூப்பிடுவார்களா, அவள் என்ன விருந்தாளியா என்பது என் புத்திசாலித்தனம்.

எலக்ட்ரீஷியனை அவள் படுத்திய பாடு கொஞ்சமில்லை. கரண்டு வயர் போகும் குழாயிலேயே நெட் வயரையும் சொருகப் பார்த்தார் அந்த மனிதர். கையும் களவுமாகப் பிடித்துவிட்டாள். தனிக் குழாய் வேண்டும், எல்லா வயரும் மாடிப்படிக்கு அடியில் ஒரே பெட்டிக்கு வந்து சேர வேண்டும், பின்னால் வேறு வயர் இழுக்க மொட்டை மாடி வரைக்கும் ஒரு குழாய் காலியாக இருக்க வேண்டும். "இந்தக் காலத்துல போனுக்கு எதுக்கும்மா வயரு, ஒரே பேஜாரு" என்று அவர் முனகினார். "கேட்டாண்ட ஆள் வந்து நின்னா, சமையக்கட்டுல கீறவ ஓடிக்கினே இருக்கணுமா?" என்றாள். என் மனைவி அன்றைக்கே அக்கா கட்சிக்குத் தாவிவிட்டாள்.

ஒவ்வொரு வயரின் இரண்டு முனையிலும் வெள்ளை டேப் ஒட்டி அக்காவே பெயர் எழுதினாள். 'ஹால் டிவி', 'பாப்பா படிக்கிற மேஜை', 'தம்பி ரூம்', 'கேட்'. ஒரு முனையில் மட்டும் எழுதினால் அது ஊமை வயர் என்பாள்.

பூச்சு முடிந்த பிறகு ஒருநாள், அவள் வேலையின் அழகைப் பார்க்கலாம் என்று அந்தப் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு பெயராகப் படித்தேன். கிழக்கு அறைக்கு ஒன்றுமே இல்லை. டிவி பார்க்காமல் சோறு இறங்காதவள், தன் அறையை மறந்துவிட்டாளே என்று சிரித்துக்கொண்டே போன் செய்தேன்.

"இன்னாக்கா, எல்லாருக்கும் பாயின்ட் வச்சிட்டு உன் ரூம வுட்டுட்ட?"

"என் ரூமா? அது சாமான் போடற ரூம்னு நெனச்சேன்டா. நீ எப்ப என்னை வான்னு சொன்ன?"

யார் எங்கே உட்காருவார்கள் என்று கேட்டுக் கேட்டு நூல் ஓட்டியவள், தனக்கு அங்கே இடமில்லை என்று நினைத்துக்கொண்டேதான் அத்தனையும் செய்திருக்கிறாள். முகத்தில் ஒரு சுணக்கம்கூடக் காட்டவில்லை. அன்று சாயங்காலமே நானும் மனைவியும் வெற்றிலை பாக்கு, பூ, பழம் வைத்த தட்டோடு காக்களூருக்குப் போய், "எங்க ஊட்டுக்கு வந்துடுக்கா" என்று முறையாக அழைத்தோம். "இன்னாடா, பொண்ணு கேக்க வந்தா மாதிரி நிக்கிறீங்க" என்று திட்டிவிட்டு, அழுதாள்.

மறுநாள் புதுச் சுவரை வெட்டிக் குழாய் பதித்தோம். மறுபடி பூசியும் வெட்டிய தடம் மறையவில்லை. இப்போது அக்கா அந்த அறையில்தான் இருக்கிறாள். அவள் டிவி சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்கிறது. போன மாதம் வந்த பெயின்டர், பட்டி வைத்து அந்தத் தடத்தைச் சரிசெய்துவிடலாம் என்றார். நானும் தலையாட்டினேன். அக்கா டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

"அத்தத் தொடாதீங்க. எனக்காக என் தம்பி ஒடச்ச சொவரு அது."