புகைபோக்கியில் ஒரு குடும்பம்

மெல்பனில் நாங்கள் வாடகைக்கு எடுத்தது பழைய செங்கல் வீடு. வரவேற்பறையில் விறகு எரிக்கும் கணப்பு ஒன்று இருந்தது. வீடு பார்க்கப் போன அன்றே என் கணவருக்கு அதன்மேல் ஒரு கண். குளிர் தொடங்கியதும் கார் நிறைய விறகு வாங்கி வந்துவிட்டார்.

ஒரு சனிக்கிழமை காலை விறகை அடுக்கி, பேப்பரைக் கசக்கிச் செருகி, லைட்டரோடு குந்தியிருந்தார். தேநீர் கொண்டுவந்த நான் கணப்பின் ஓரத்தைப் பார்த்தேன்.

“கொஞ்சம் பொறுங்கோ. நேற்றுத்தான் இதைக் கூட்டினனான். திரும்பவும் சுள்ளி விழுந்து கிடக்கு.”

“காத்துக்கு விழுந்திருக்கும்.”

“நேற்று காத்து எங்க அடிச்சது?”

அவர் லைட்டரைக் கீழே வைத்தார். இருவரும் காதுகொடுத்துக் கேட்டோம். மேலே ஏதோ புரண்டு படுத்தது.

வீட்டு ஏஜென்டுக்குப் போன் செய்தோம். திங்கட்கிழமை பின்னேரம் புகைபோக்கி துப்புரவு செய்யும் பெண் வந்தாள். மல்லாந்து படுத்து டார்ச் அடித்தவள், சிரித்தபடி என்னையும் கூப்பிட்டாள். நானும் பக்கத்தில் படுத்துப் பார்த்தேன். சுள்ளிகளின் இடுக்கில் இரண்டு கண்கள் மின்னின. பறவைகள் விட்டுப்போன கூட்டில் பொசம் குடியேறியிருந்தது. பூனை அளவு, மரமேறும் பிராணி. இங்கே அதைத் துன்புறுத்தச் சட்டம் விடாது. பொழுதுபட்டால் தானாக இரை தேடப் போகும், காத்திருப்போம் என்றாள்.

மூவரும் பின்வளவில் கோப்பியோடு நின்றோம். இருட்டுகிற நேரம் பொசம் வெளியே வந்தது, முதுகில் ஒரு குட்டியோடு. எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு வேலிமேல் நடந்து போனது. அவள் உடனே கூரையேறிப் புகைபோக்கியின் வாயில் கம்பிவலை பொருத்தினாள்.

மறுநாள் அவள் இறக்கிய சுள்ளி ஒரு உடுப்புக்கூடை நிறைய வந்தது. உட்சுவரில் தார்போல இறுகியிருந்த கரியையும் சுரண்டிக் காட்டினாள். சனிக்கிழமை பற்றவைத்திருந்தால் புகை வீட்டுக்குள் திரும்பியிருக்கும். கரியும் பற்றிக்கொண்டு நெருப்பு கூரைக்குப் போயிருக்கும் என்றாள். என் கணவர் கடைக்குப் போய் ஒரு மரப்பெட்டி வாங்கிவந்து, பொசத்துக்கென்று பின்வளவு மரத்தில் கட்டினார்.

அந்த வார இறுதியில் கணப்பு எரிந்தது. முன்னால் பொறி தெறிக்காமல் இரும்புத் திரை வைத்திருந்தோம். முகம் சுட்டது, முதுகு குளிர்ந்தது.

“ஹீட்டரே நல்லம் போல,” என்றேன்.

“ஓம். ஆனா விறகு வாங்கியாச்சே.”

படுக்கப் போகும்முன், தணல் அணைந்துவிட்டதா என்று அவரே குந்தியிருந்து பார்த்தார்.