மாப்பிள்ளை டம்ளரைக் கீழே வைத்த காலை

போன வருடம், பொங்கல் கழிந்த அடுத்த வாரம், ஒரு திங்கட்கிழமைக் காலை. மாதனூருக்குப் பக்கத்தில், என் மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டு வாசலில் நடந்தது இது. அன்றைக்கு வந்த கோபம் இன்னும் முழுசாக அடங்கவில்லை. எழுதினாலாவது இறங்குமா என்று பார்க்கிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டவன். ஆம்பூரில் ஒரு தோல் மண்டியில் உப்புத் தோலை உதறிப் போடும் வேலைக்குச் சேர்ந்து, தோலை ரகம் பிரிக்கக் கற்றுக்கொண்டு, இன்று ஷூவுக்கு மேல்பாகம் தைத்துக் கொடுக்கும் சொந்த யூனிட் வைத்திருக்கிறேன். ரகம் பிரிப்பதை எங்கள் தொழிலில் செலக்ஷன் என்போம். கண்ணைக் கட்டிவிட்டுத் தோலைத் தடவச் சொல்லுங்கள். எங்கே உண்ணி கடித்த வடு, எங்கே கத்தி பட்டது என்று விரலாலேயே சொல்லிவிடுவேன். பெரிய கம்பெனிக்காரர்களும் சரக்கு வந்து இறங்கினால் எனக்குத்தான் போன் போடுவார்கள். பீற்றிக்கொள்கிறான் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். யார் தயவும் இல்லாமல் வந்தவன், கொஞ்சம் பீற்றிக்கொண்டால் என்ன.

மகளுக்குக் கல்யாணமாகி அப்போது நாலு வருடம். குழந்தை இல்லை. அவள் ஷூ கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையில் இருக்கிறாள். மாப்பிள்ளை டிப்ளமா படித்தவர், இன்னொரு கம்பெனியில் சூப்பர்வைசர். பேச்சு கம்மி. அவருடைய அம்மா, என் சம்பந்தி, புருஷன் போன பிறகு மூன்று சீமைப் பசுக்களை வைத்துப் பால் ஊற்றியே மகனைப் படிக்க வைத்தவர். அந்த வகையில் அவர் எனக்கு ஜோடி. மரியாதை உண்டு. வாய்தான் சரியில்லை. பால் ஊற்றப் போகிற வீடெல்லாம் நின்று, மருமகளுக்கு வயிற்றில் ஏதோ கோளாறு, அதனால்தான் கரு தங்கவில்லை என்று சொல்லிவிட்டு வருவார். அது ஆம்பூர் வரைக்கும் வந்து என் காதில் விழும். அன்றைக்கெல்லாம் எனக்குச் சோறு இறங்காது.

பிறகு இருவரும் வேலூரில் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினார்கள். என் மகளுக்கு எல்லாம் சரியாக இருந்தது. கருக்குழாய் திறந்திருக்கிறது, மாதாமாதம் முட்டை வருகிறது. மாப்பிள்ளைக்குத்தான் உயிரணு கொஞ்சம் கம்மி, ஓட்டமும் மந்தம். இதை மகள் அவள் அம்மாவிடம் மட்டும் சொன்னாள். என் மனைவி என்னிடம் எதையும் மறைத்ததில்லை. நான் மகளிடம் போய்க் கேட்டதும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவருக்கு அசிங்கமாயிடும்ப்பா. நீங்க வாயத் தொறக்கக் கூடாது." சத்தியம் வாங்கிக்கொண்டுதான் விட்டாள். ஊரில் பழி இவள் மேல், காப்பாற்றுவது அவருடைய மானத்தை. நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன்.

மாப்பிள்ளைக்கு ஷிஃப்ட் மாறி மாறி வரும். அதனால் ஸ்கேன் எடுக்க மகளைப் பெரும்பாலும் நான்தான் காரில் கூட்டிப்போவேன். ஒருநாள் அவளோடு நானும் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன். "டாக்டரம்மா, நான் அஞ்சாவது. எனக்குப் புரியற மாதிரி சொல்லிட்டீங்கன்னா ஊருக்கே புரிஞ்ச மாதிரி" என்றேன். அந்த அம்மா சிரித்துவிட்டு, பொறுமையாகச் சொன்னார்.

இதற்கு ஐ.யு.ஐ. என்று பெயராம். முட்டை நன்றாக வளர மாத்திரை கொடுப்பார்கள். ஸ்கேனில் பார்த்துக்கொண்டே இருந்து, முட்டை பக்குவமானதும் அது வெடித்து வெளியே வர ஒரு ஊசி போடுவார்கள். ஊசி போட்ட மூன்றாம் நாள் காலை புருஷன் விந்து கொடுக்க வேண்டும். அதைக் கழுவி, நன்றாக ஓடுகிற அணுக்களை மட்டும் பிரித்தெடுத்து, ஒரு மெல்லிய குழாய் வழியாகக் கருப்பைக்குள்ளேயே விட்டுவிடுவார்கள். மிச்ச தூரத்தை அதுவாகவே போய் முட்டையைச் சேர வேண்டும். அறுவை கிடையாது, மயக்க மருந்து கிடையாது. கொஞ்ச நேரம் படுத்திருந்துவிட்டு எழுந்து வீட்டுக்கு வரலாம். ஒரே தடவையில் நிற்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது, சிலருக்கு நிற்கும், சிலருக்கு மறுபடி செய்ய வேண்டிவரும்.

கேட்டு முடித்ததும் எனக்கு ஒன்று தோன்றியது. "இது எங்க செலக்ஷன் வேலை மாதிரிதாம்மா" என்றேன். "கிட்டத்தட்ட அதுதான்" என்றார். வேலை முடிந்தது. இவ்வளவுதான் விஷயம். கேட்டால் ஒரு டீ ஆறுவதற்குள் புரிந்துவிடும். கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த ஊசியைச் சனிக்கிழமை இரவு போட்டார்கள். திங்கட்கிழமை காலை இருவரும் வர வேண்டும். இடையில் வந்ததே ஒரு ஞாயிற்றுக்கிழமை.

திங்கட்கிழமை நான் காரை எடுத்துக்கொண்டு போய் வாசலில் நிறுத்தினேன். மகள் கைப்பையோடு கேட்டருகே நின்றிருந்தாள். அழுத முகம். மாப்பிள்ளை லுங்கியோடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"மாப்ளே, கெளம்பலீங்களா? டைம் ஆவுது."

அவர் டீயைப் பார்த்தார். பதில் மாட்டுக் கொட்டகையிலிருந்து வந்தது. "அவன் வரமாட்டான் சம்மந்தி."

"ஏம்மா, இன்னா ஆச்சு?"

"நேத்து மாட்டுக்கு சென ஊசி போட டாக்டரு வந்தாரு. பொகை வர்ற டப்பாவுலேர்ந்து குச்சி மாதிரி ஒண்ண எடுத்து சுடுதண்ணில போட்டாரு, அப்பறம் மாட்டுக்குப் போட்டாரு. உங்க பொண்ணுதான் சுடுதண்ணி கொணாந்து குடுத்தா. உனக்கும் இப்டித்தானாடின்னு கேட்டேன். கிட்டத்தட்ட இதேதான் அத்தேன்னு அவ வாயாலயே சொன்னா."

"செய்யற மொறயத்தாம்ப்பா சொன்னேன்" என்றாள் மகள்.

சம்பந்தியம்மா விடவில்லை. "அந்தக் காளை எந்த ஊர்ல கீதுன்னு டாக்டருக்கே தெரியல. கன்னு கறுப்பா வருமா செவலையா வருமான்னு கேட்டா, பொறந்தா பாத்துக்கோன்றாரு. மாட்டுக்கு சரி. எங்க வூட்டு வாரிசுக்கு அது வாணாம்."

சொல்லப்போனால் அந்த அம்மா மாட்டைப் பற்றிச் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. எனக்கு அவர்மேல் வந்ததைவிடப் பெரிய கோபம் அந்த நாற்காலிமேல்தான் வந்தது. மாத்திரை, ஸ்கேன், ஊசி என்று ஒரு மாதம் முழுக்க என் மகள் உடம்பைக் கொடுத்திருக்கிறாள். முட்டை இன்றைக்கு வரப்போகிறது. இந்தக் காலை போனால் அவ்வளவும் போச்சு. இந்த மனிதர் டீயை ஊதிக்கொண்டிருக்கிறார்.

பெண் கொடுத்தவன் சம்பந்தி வீட்டில் குரலை உயர்த்தக் கூடாது என்பது எங்கள் பக்கத்து முறை. மாப்பிள்ளை வந்தால் நான் எழுந்து நிற்கிறவன். நாலு வருடம் அந்த முறையைக் காப்பாற்றினேன். அன்றைக்கு முடியவில்லை.

"சம்மந்தியம்மா, மாட்டுக்குக் காளை எங்கயோ கீது, வாஸ்தவம். இங்க காளை தோ, எதிர்ல லுங்கி கட்டினு டீ குடிச்சினு கீது. இவரு வந்து குடுத்தாதான் அங்க வேலையே. இவரு வரலன்னா அவங்க கையில ஒண்ணுமே இல்ல."

மகள் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். மாப்பிள்ளையை நேருக்கு நேர் காளை என்று சொன்ன மாமனார் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மாப்பிள்ளை தலையைத் தூக்கினார். "அப்போ என்னுதுதானா மாமா?"

எனக்கு ஏறிய கோபத்தைக் கேளுங்கள். இவர் கம்பெனியில் ஒரு தையல் விலகினால் லைனையே நிறுத்திவிட்டுப் பத்துக் கேள்வி கேட்கிறவர். டாக்டரம்மா உள்ளே கூப்பிட்டபோதெல்லாம், நீயே கேட்டுட்டு வந்துடு என்று என் மகளை அனுப்பிவிட்டு வெளியே செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர். மனைவி வயிற்றுக்குள் என்ன வைக்கப்போகிறார்கள் என்று தெரியாமலேயே இவ்வளவு நாள் இருந்திருக்கிறார்.

"உங்களுதுதான். வேற யாருது? கழுவி, அதுல நல்லதாப் பாத்து எடுத்து வெக்கிறாங்க."

அங்கேயும் சம்பந்தியம்மா குறுக்கே வந்தார். "எம் புள்ளயோடத எதுக்குக் கழுவணும்? அவனுக்கு இன்னா கொறச்சலு? கொறை எங்க கீதோ அங்க வைத்தியம் பாருங்க. உங்க பொண்ணுக்குப் பாருங்க."

வார்த்தை என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஒரே ஒரு வரி போதும், அந்த அம்மாவின் வாய் ஆயுசுக்கும் மூடிவிடும். மகளைப் பார்த்தேன். துப்பட்டாவை விலக்கி, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அந்த நிலைமையிலும். நான் வாயை மூடிக்கொண்டேன். மண்டியில் எத்தனையோ பேர் பேசியதை விழுங்கியிருக்கிறேன். இதைப் போல எதையும் விழுங்கக் கஷ்டப்பட்டதில்லை.

அப்போதுதான் மாப்பிள்ளை டம்ளரைத் தரையில் வைத்தார். சிமெண்ட் தரை, எவர்சில்வர் டம்ளர். நன்றாகக் கேட்டது.

"எம்மா, அவகிட்ட ஒண்ணுமில்ல. டெஸ்ட்ல எனக்குத்தான் கம்மின்னு வந்துது. இனிமே பால் ஊத்தப் போற எடத்துல அவளப் பத்திப் பேசாத."

"இன்னாடா சொல்ற?"

"ரொம்ப நாளா தெரியும். சொல்ல வாய் வரல."

சினிமாவாக இருந்தால் நான் மாப்பிள்ளையைக் கட்டிப்பிடித்திருப்பேன். எனக்கு அப்படி ஒன்றும் வரவில்லை. இந்த ஒரு வரியை முன்னாடியே சொல்லியிருந்தால் என் மகள் எத்தனை பேச்சுக்குத் தப்பியிருப்பாள் என்றுதான் வயிறு எரிந்தது. "சட்டையப் போட்டுனு வாங்க மாப்ளே" என்று மட்டும் சொன்னேன்.

அவர் சட்டை போட்டு வருவதற்குள் சம்பந்தியம்மா கையைக் காலைக் கழுவி, வேறு புடவை கட்டிக்கொண்டு, காரின் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். "பேரு கீரு மாறிடாம பாத்துக்க ஒரு ஆளு வாணாமா?" என்றார். பள்ளிகொண்டா டோல்கேட்டில் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. கோயில் இருக்கிற பக்கம் பார்த்து அந்த அம்மா கும்பிட்டார். நான் ஹாரனை அழுத்திக்கொண்டிருந்தேன்.

நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். மாப்பிள்ளை கொடுத்துவிட்டு வந்ததும், சம்பந்தியம்மா நர்ஸைப் பிடித்துக்கொண்டார். "வேற எதுனா கலந்துட மாட்டீங்களே?"

நர்ஸுக்கு இந்தக் கேள்வி புதிதில்லை போலிருக்கிறது. "வேற ஆளோடது வேணும்னா இவங்க ரெண்டு பேரும் கேட்டுக் கையெழுத்துப் போடணும்மா. இவங்களுக்கு அதுக்கு அவசியமே இல்ல. தோ பாருங்க, பேரு எழுதிட்டோம்" என்று டப்பாவைக் காட்டினார்.

அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. என்னைப் பார்த்தார். நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். மேலே மாப்பிள்ளை பெயர், கீழே என் மகள் பெயர்.

"இன்னொரு தபா படிங்க சம்மந்தி."

படித்தேன்.

கழுவிப் பிரிக்கத்தான் நேரம் பிடித்தது. பிறகு மகளை உள்ளே கூப்பிட்டார்கள். இந்த முறை மாப்பிள்ளையும் எழுந்து உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் இருவரும் நடந்தே வெளியே வந்தார்கள். சம்பந்தியம்மா மருமகளை மேலும் கீழும் பார்த்தார். "அவ்ளோதானா? எம் மாடே இத விட ஜாஸ்தி நேரம் நின்னுச்சே" என்றார். என் மகள் சிரித்தாள். அந்த வீட்டுக்குப் போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அந்த மாதம் நிற்கவில்லை. அதற்குப் பிறகு செய்ததும் நிற்கவில்லை. இன்னும் ஒரு தடவை பார்த்துவிட்டு வேறு வழி யோசிக்கலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். சொந்தக்காரர்கள் போன் போட்டு, ஊசி போட்டும் நிற்கவில்லையாமே என்று இழுக்கிறார்கள். டாக்டரம்மா எதிரில் நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது, போய் உட்கார்ந்து கேட்டுவிட்டு அப்புறம் பேசுங்கள் என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறேன். ஸ்கேனுக்கு இப்போது என் கார் தேவைப்படுவதில்லை. ஷிஃப்டை மாற்றிக்கொண்டு மாப்பிள்ளையே பைக்கில் கூட்டிப்போகிறார்.

போன மாதம் மாதனூர் போயிருந்தேன். பால் வாங்க வந்த ஒரு பெண், மருமகளுக்கு ஏதாவது விசேஷமா என்று கேட்டாள். சம்பந்தியம்மா பாலை அளந்து ஊற்றிக்கொண்டே, "வைத்தியம் நடக்குதும்மா. ரெண்டு பேருக்கும்தான்" என்றார். பேரப்பிள்ளை வருகிறபோது வரட்டும், என் மகள் பட்ட பேச்சை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ரத்தம் கொதிக்கிறது. அப்போதெல்லாம் சிமெண்ட் தரையில் அந்த டம்ளரை வைத்த சத்தத்தை நினைத்துக்கொள்கிறேன், கொதிப்பு கொஞ்சம் இறங்குகிறது.