வெள்ளாங்குளம்: வானத்துக்குத் தெரிய வேண்டிய நான்கு மூலைகள்

கடந்த மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை மச்சாள் தொலைபேசியில் அழைத்தார். "அத்தான், என்ர காணி படத்திலை வெறும் பத்தையாக் கிடக்குதாம்." இந்தப் பயணத்துக்கு அதுதான் காரணம்.

மச்சாள் என்றால் என் மறைந்த மனைவியின் தங்கை பரமேஸ்வரி. மன்னார் மாவட்டத்தின் வடக்கு எல்லையில், வெள்ளாங்குளத்தில், மீள்குடியேறி நெல் விதைத்து வாழ்கிறவர். இடப்பெயர்வில் காணிப் பத்திரம் தொலைந்து போயிற்று. புதுப் பத்திரம் கொடுப்பதற்காக ஊரை இப்போது ஆளில்லா விமானத்தை வைத்து அளக்கிறார்கள். காணியின் நான்கு மூலைகளிலும், கறுப்புக் கூட்டல் குறி கீறிய வெள்ளைத் துணியை விரிக்க வேண்டும். விரித்தேன் என்கிறார் மச்சாள். படத்தில் ஒன்றுகூட இல்லை. வியாழக்கிழமை ஒன்பது மணிக்குக் கடைசியாக ஒருமுறை பறக்கவிடுவார்கள். அப்போதும் தெரியாவிட்டால் அவருடைய அரை ஏக்கர் புதர் மண்டிய பற்றைக்காடு என்று பதிவாகிவிடும். வீடும் மரங்களுக்குக் கீழே இருப்பதால் சாட்சிக்கு அதுவும் உதவாது.

நான் நில அளவைக் கந்தோரில் முப்பத்தொரு வருடம் படவரைஞராக இருந்தவன். துணியை எங்கே விரிப்பது என்று அவருக்கு விளக்கியதும் நான்தான். பிழை என்னுடையதோ என்ற பயத்துடன் புதன்கிழமை கிளம்பினேன்.

வவுனியாவில் காலை 6.40 பேருந்து, முந்நூற்று இருபது ரூபா, மன்னாரில் 9.05. தள்ளாடிச் சந்தியில் இறங்கி வடக்கே போகும் பேருந்தைப் பிடிக்கலாம். மன்னார் நகரம் இருக்கும் தீவுக்குள் போய்த் திரும்ப வேண்டியதில்லை. ஆனால் அங்கே ஏறினால் இருக்கை கிடைக்காது. என் முழங்காலை நம்ப முடியாததால் நான் மன்னார் நிலையம்வரை போனேன். அங்கே வாழைப்பழத்தைக் கையில் வைத்திருக்காதீர்கள், கழுதைகள் விடமாட்டா. 10.15க்குப் புறப்பட்ட பேருந்து, சுமார் நாற்பத்தைந்து கிலோமீற்றர் ஓடி, 11.40க்கு வெள்ளாங்குளத்தில் இறக்கிவிட்டது.

வழியில் பக்கத்து இருக்கைக்காரர் கைபேசியில் ஏதோ நாட்டுச் சண்டையைப் பார்த்துக்கொண்டு வந்தார். மேலிருந்து எடுத்த படம். பனி மூடிய வயலில் ஒரு படைவீரன் ஓடுகிறான். படம் அவனை விடாமல் துரத்துகிறது. அவன் நின்று, ஒரு தடியை எடுத்து எங்களை நோக்கி எறிகிறான்.

"பாத்தீங்களோ ஐயா, இப்ப சண்டைக்கு ஆளே தேவையில்லை" என்றார் அவர்.

கீழே ஒரு ஆள் இருக்கிறானே என்று சொல்ல நினைத்தேன். முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

சந்தியிலிருந்து மச்சாள் வீடு மூன்று கிலோமீற்றர், ஓட்டோவுக்கு நானூறு ரூபா. ஓட்டோக்காரர் கேட்டார்: "ஐயா வண்டு பாக்கவோ வந்தனீங்கள்?"

"என்ன வண்டு?"

"ட்ரோன் ஐயா. எங்கட சனம் வண்டு எண்டுதான் சொல்லும். முந்தி அது தலைக்கு மேல இரைஞ்சா, பின்னால ஷெல் வரும். இப்ப பின்னால அளக்கிற ஐயா வாறார். முன்னேற்றம்தானே!" தன் பகிடிக்குத் தானே சிரித்தார்.

மச்சாள் தேநீர் தந்து, கதிரையை நிழலில் போட்டு, "துணியெல்லாம் போட்ட இடத்திலைதான் கிடக்கு, வந்து பாருங்கோ" என்றார். போய்ப் பார்த்தேன். நான்கு துணிகளும் சரியாக மூலைகளில்தான் இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் இரண்டு பனையோலை ஒழுங்காக மூடியிருந்தது.

"ஏன் மச்சாள் ஓலை?"

"வெயிலுக்கு மங்கிப் போகுமெண்டு..." பாதியில் நிறுத்தினார். ஓலையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இல்லை அத்தான். வெள்ளைச் சாமான் வெளியிலை கிடந்தா மூடிப்போடுவம். அது பழகின கை. யோசிச்சுச் செய்யேல்லை."

குறிகள் மேலிருந்து தெரிய வேண்டும் என்பதை நானும் அவருக்குத் தனியாகச் சொல்லவில்லை. யாருக்கும் தெரியுமே என்று நினைத்திருக்கிறேன். கடைசிச் சண்டைக் காலம் முழுவதும் நான் வவுனியாவில் மேசையில் இருந்து படம் கீறியவன். அவர் அதே மாதங்களில் தகரக் கூரைக்கு மேல் இலைக்குழை வெட்டிப் போட்டு, உடுப்பைக்கூட மரத்துக்குக் கீழே காயவிட்டு, கணவரை வழியில் புதைத்துவிட்டு நடந்தவர்.

வியாழன் காலை 7.30க்கு ஓலைகளை எடுத்தோம். வடமேற்கு மூலை வேம்புக்குக் கீழே அகப்பட்டிருந்தது. எல்லைக் கோட்டில் ஆறு மீற்றர் அளந்து, துணியை மரத்துக்கு வெளியில் விரித்து, தூரத்தை எழுதிக்கொண்டேன். சரியாக அளந்தேனா என்று மூன்று தடவை பார்த்தேன். மணல் நிலம், கல் கிடையாது. துணிகளின் ஓரத்தில் மணலைக் குவித்தோம்.

8.50க்கு நில அளவையாளர் நிஸ்தார் வந்தார். மன்னார்த் தீவின் தாராபுரத்துக்காரர், 1990இல் வடக்கு முஸ்லிம்கள் விரட்டப்பட்டபோது சிறுபிள்ளையாகத் தீவைவிட்டு வெளியேறி, புத்தளத்தில் வளர்ந்து திரும்பியவர். பெட்டியைத் திறந்து விமானத்தை வெளியே எடுத்ததும் மச்சாள் சமையல் குசினி வாசலுக்குப் போய்விட்டார்.

"பயப்பிடாதீங்கோ அக்கா. இது படம் மட்டும்தான் எடுக்கும்."

"அப்ப வந்த வண்டும் முதலிலை படம் மட்டும்தான் எடுத்தது தம்பி" என்றார் மச்சாள்.

நிஸ்தார் விமானத்தைத் தரையில் வைத்தார். "ஓம் அக்கா" என்றார்.

9.10க்கு அது எழும்பியது. சத்தம் நான் நினைத்ததைவிடச் சிறியது. வடமேற்கு மூலையில் என் துணியின் ஓரம் அடித்துக்கொண்டதால் அதை மிதித்தபடி நின்றேன். அந்த நேரம் தென்கிழக்கு மூலைத் துணியைக் காற்று புரட்டிப் போட்டது. என்னிடமிருந்து அறுபது மீற்றர். நான் நகர்ந்தால் என் மூலை போகும். ஓடவும் என்னால் முடியாது.

"அக்கா! அந்தத் துணியை ஆராவது பிடிக்கோணும்! பற்றறி பத்து நிமிசம்தான்!" நிஸ்தார் கத்தினார்.

மச்சாள் வந்தார். பெரிய கறுப்புக் குடையை விரித்துப் பிடித்தபடி, குனிந்து, வேலியோரமாக. துணியைத் திருப்பி விரித்து, அதன் ஓரத்தில் குந்தி, குடையைத் தனக்கும் துணிக்கும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, குடை! குடை மட்டும்தான் தெரியுது!"

"தெரியட்டும்!"

"குடைக்கோ அக்கா பத்திரம் குடுக்கிறது? மடக்குங்கோ!"

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு வெட்கமாக இருந்தது. குடை உடனே மடங்கவில்லை. சத்தம் அந்த மூலைக்கு நேர்மேலே போய் நின்றது. பிறகு குடை மடங்கியது.

9.25க்கு நிஸ்தார் திரையைக் காட்டினார். மூன்று மூலைகளில் மூன்று துணிகள், அதில் ஒன்றை மிதித்தபடி நான். நான்காவதின் ஓரத்தில் ஒரு சிறிய உருவம். அவர் பெரிதாக்கினார். படத்தில் மச்சாள் அண்ணாந்து நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். "இது காணும் அக்கா, பதிவுக்குப் போதும்" என்றார் நிஸ்தார். மச்சாள் படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, கை கழுவப் போனார்.

போர்முறை மாறிவிட்டது என்று செய்திகளில் நிபுணர்கள் விளக்குகிறார்கள். எனக்கு அதில் அறிவு குறைவு. முன்பு அரசாங்கங்களிடம் மட்டும் இருந்த கண், இன்று கலியாணப் படப்பிடிப்புக்காரரின் பையிலும் இருக்கிறது. எந்த வேலைக்காகப் பறக்கிறது என்பது மேலே இருப்பவருக்குத் தெரியும்; கீழே கேட்பவருக்குச் சத்தம் ஒன்றுதான். இதை எழுதுவதுகூடக் களைப்பாக இருக்கிறது.

போகிறவர்களுக்கு: தண்ணீர் கொண்டுபோங்கள். திரும்பும் பேருந்தைச் சந்தியில் விசாரித்து வையுங்கள். நான் ஒன்றேகால் மணிநேரம் காத்திருந்தேன். இந்தக் கரையின் மணல்திட்டுகளை மேலிருந்து படமெடுக்க ட்ரோனுடன் வருகிறவர்கள் உங்களில் பலர். முறையான அனுமதி எடுங்கள். அதன்பின், பறக்கவிட முன், சுற்றியுள்ள வீடுகளுக்கு நடந்து போய்ச் சொல்லுங்கள். "ஓம், விடுங்கோ" என்றுதான் சொல்வார்கள். சொன்ன பிறகும் பத்து நிமிடம் பொறுங்கள். உள்ளே போக வேண்டியவர்கள் போய்க்கொள்ளட்டும்.