சுண்ணாம்புத் தரையில் விரித்த கம்பளம்

மயிலாப்பூர்க் கச்சேரி சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மூன்றாம் மாடியில் குடியிருப்பவள் ரூபீனா. பழைய வீடுகளைப் புதுப்பிப்பவர்கள் அவளைத் தேடி வருவார்கள். சுவரும் தூணும் ஓடும் தம் பழைய நிலைக்குத் திரும்பிய பின், அந்தக் கூடத்துக்குரிய கைநெசவுக் கம்பளம் எது என்று தேர்ந்து சொல்வது அவள் தொழில். தியாகராய நகரில் ஒரு பெரிய துணிக்கடையின் விரிப்புப் பிரிவில் நெடுங்காலம் நின்று கற்றது அது.

ஒரு வீட்டுக்குள் போனால் செருப்பைக் கழற்றிவிட்டுக் கூடத்தின் நடுவில் உட்கார்ந்துவிடுவாள். காலை வெயில் எந்தச் சாளரத்தின் வழியாக வருகிறது, மாலையில் எந்தத் தூணின் நிழல் நீள்கிறது என்று ஒரு பகல் முழுதும் பார்ப்பாள். ஊஞ்சலுக்கு அடியில் கம்பளம் போட ஒப்பமாட்டாள். உந்துகிற கால் ஒரே இடத்தைத் தேய்த்துவிடும். தூணின் அடிக்கல்லை மறைக்கவும் விடமாட்டாள். கடையில் கம்பளத்தைக் காட்டினால் அதன் முகத்தைப் பார்க்குமுன் புரட்டி அடிப்பக்கத்தைப் பார்ப்பாள். முடிச்சுகளின் உண்மை அங்கேதான் தெரியும்.

இத்தனை வீடுகளுக்குத் தேர்ந்தவளின் வீட்டில் ஒரு கம்பளத்தை விரிக்க இடமில்லை. ஆனாலும் ஒரு கம்பளம் அங்கே இருந்தது. பழைய புடவை ஒன்றால் சுற்றப்பட்டு, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே தூண்போல நின்றது. அது அவள் மகள் சாய்மா நெய்தது.

கோடம்பாக்கத்தில், முன்பு சினிமாவுக்கான செட்டுச் சாமான்கள் வைத்திருந்த ஒரு கிடங்கில் தறி போட்டிருந்தார்கள். அங்கே சாய்மா முடிச்சு முடிச்சாக அதைக் கட்டி வளர்த்தாள். நீல நிலம்; அதில் வெள்ளைப் புன்னைப் பூக்கள்; ஒவ்வொரு பூவின் நடுவிலும் பொன்னிறத் தாது. சாந்தோம் கடற்கரைக்குப் போகும் வழியில் பொறுக்கிவந்த பூக்களைத் தறிச் சட்டத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்துக் கட்டினாள். தறியிலிருந்து அறுத்து இறக்கிய அன்று கிடங்கிலும் அதை முழுதாக விரிக்க இடம் போதவில்லை. ஒரு பாதியை விரித்து, அதைச் சுருட்டிக்கொண்டே மறு பாதியைப் பார்த்தார்கள்.

"ம்மா, இத யாரும் கண்ணாடிக்குள்ள வெச்சு பூட்டக் கூடாது. நூறு பேரு மெதிக்கணும். அப்பத்தான் கலரு எயும்பும்" என்றாள் சாய்மா.

அடுத்த வாரம் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. இரத்தத்தில் அணுக்கள் குறைந்துகொண்டே போயின. கம்பளம் வீட்டுக்கு வந்துசேர்ந்தபோது அவள் இல்லை. அவளுக்கு இருபத்தாறு வயது.

அதன் பின் ரூபீனாவிடம் ஒரே ஒரு விருப்பம் எஞ்சியது. அந்தக் கம்பளம் ஒருமுறையாவது முழுதாக விரியவேண்டும். அதன் மேல் மனிதர் நடக்க, அவள் பார்க்கவேண்டும். கணவன் அமீன் கோடம்பாக்கத்தில் சினிமா உடைகளுக்குத் துணி வெட்டுபவன். அவன் அந்தப் புடவைச் சுற்றைத் தொட்டதுமில்லை, அதைப் பற்றிப் பேசியதுமில்லை.

மாட வீதிக்கு அருகே விசாலாக்ஷி மாமியின் பூர்வீக வீட்டைப் புதுப்பிக்கும் வேலை முடியும் தறுவாயில் ரூபீனாவுக்கு அழைப்பு வந்தது. மாமி ஓய்வு பெற்ற ஆசிரியை. இடையில் யாரோ பதித்த பளிங்கு ஓடுகளைப் பெயர்த்தெறிந்துவிட்டு, பழைய முறைப்படி சுண்ணாம்பு குழைத்துக் காவியேற்றித் தரை போடச் சொல்லியிருந்தார். எட்டுத் தேக்குத் தூண்கள் நிற்கும் அந்தக் கூடத்தில் ரூபீனா ஒரு பகல் உட்கார்ந்தாள். மாலை வெயில் சிவந்த தரையில் சாய்ந்து படர்ந்தபோது, அங்கே நீலம் வேண்டும் என்று தெரிந்தது. எந்த நீலம் என்றும் தெரிந்தது.

புதிய சுண்ணாம்புத் தரையின் மேல் கம்பளியை உடனே போடக் கூடாது. சுண்ணாம்பின் காரம் ஈரத்தோடு மேலேறிக் கம்பளியை அரித்துவிடும். அதற்காக ரூபீனா ஒரு சோதனை வைத்திருந்தாள். சாயமேறாத வெள்ளைக் கம்பளி இழையைப் பிரித்துத் தரையில் வைத்து, மேலே ஒரு சில்வர் டம்ளரைக் கவிழ்த்துவிடுவாள். சில நாள் கழித்து எடுக்கும்போது இழை வெள்ளையாக, இழுத்தால் துள்ளுவதாக இருந்தால் தரை ஆறிவிட்டது. மஞ்சள் படிந்து, இழுத்ததும் அறுந்தால் பொறுத்திருக்க வேண்டும்.

விசாலாக்ஷி மாமியின் கூடத்திலும் டம்ளரைக் கவிழ்த்தாள். எடுத்தபோது இழையில் வைக்கோல் நிறம் படிந்திருந்தது. இரு விரல்களால் மெல்ல இழுத்தாள், ஓசையின்றி அறுந்தது. அவள் அதை உருட்டிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

சுண்ணாம்பு வேலையைப் பார்த்துக்கொண்ட பொறியாளர் அறிவு வாசலிலிருந்து சிரித்துக்கொண்டே வந்தான். "இன்னாக்கா, டம்ளரு ஜோசியம் இன்னா சொல்லுது?"

"பரவால்ல."

"பரவால்லன்னா? மார்கழிப் பனில போட்ட தரைக்கா இது. கொறஞ்சது ரெண்டு மாசமாச்சும் வுடுங்க. பாய் போடுங்க, ஜமக்காளம் போடுங்க, யாரு கேட்டா?"

"ஒரு நாளுக்குத்தான் அறிவு. விசேஷம் முடிஞ்ச மறுநாளே சுருட்டி எடுத்துடுவேன்."

"ஒரு நாள்னா சரி. அப்பறம் பழிய எந்தலைல கட்டாதீங்க. மாமி ஏற்கெனவே என்ன டஸ்டர் எடுத்து அடிக்காத கொறைதான்."

தை மாதத்தில் புதுமனை புகுவிழா. மாமியின் உறவினர் எல்லோரும் ஒன்றுகூடுவது அந்த ஒரு நாள்தான். இரண்டு மாதம் கழித்தால் அந்தக் கூடத்தில் நடக்க மாமியின் இரு கால்களே இருக்கும். ரூபீனாவின் அவசரம் அதுவே.

கம்பளத்தை விரித்தபோது மாமி வாயில் கைவைத்தார். "அடடா! எங்கே நெய்ஞ்சது இது? காஷ்மீரா?"

"கோடம்பாக்கம் மாமி."

"கோடம்பாக்கமா! யாராவது சினிமாக்காரா ஆத்துக்குன்னு நெய்ஞ்சுண்டிருந்தாளோ? அவா வாயிலேர்ந்து பிடுங்கிண்டு வந்துட்டியா?"

ரூபீனா சிரித்தாள். நெய்தவள் யார் என்பதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மாமி அதன் மேல் ஒருவரையும் கால்வைக்க விட்டிருக்கமாட்டார்.

விழா நாள் காலை அமீனையும் அழைத்தாள். அவன் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே தலையசைத்து மறுத்தான். "நா வர்ல. நீ பாத்துட்டு வந்து சொல்லு."

அவள் மாமி வீட்டு அடுக்களை வாசலில் நின்று பார்த்தாள். நாகசுரம் ஒலிக்க, பட்டுப்புடவைகள் உரச, மெட்டியணிந்த கால்களும் வெடித்த குதிகால்களும் குழந்தைகளின் ஈரப் பாதங்களும் புன்னைப் பூக்களின் மேல் நடந்தன. ஒரு மாமா காப்பியைச் சிந்திவிட்டு மாமியிடம் வசவு வாங்கினார். "பரவால்ல மாமி, பரவால்ல" என்று ரூபீனா ஓடிவந்து துடைத்தாள். மிதிபடுந்தோறும் கம்பளத்தின் மயிர் படிந்தும் நிமிர்ந்தும் நீலம் ஆழ்ந்துகொண்டே போயிற்று. மகள் சொன்னது சரிதான்.

மறுநாள் சுருட்டி எடுக்கத்தான் போனாள். கூடத்தில், மாமியின் தங்கை பேத்தி ஸ்நேஹா கம்பளத்தின் மேல் குப்புறப் படுத்துக் கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்தாள். பெங்களூரில் வேலை பார்ப்பவள். சாய்மாவின் வயதுதான் இருக்கும். கால் விரல்கள் அவளறியாமலே கம்பளத்தை அளைந்துகொண்டிருந்தன.

"ஆன்ட்டி, இதுமேல படுத்தா எழுந்துக்கவே தோணல" என்றாள்.

ரூபீனா வந்த காரியம் வேறென்பதுபோல் ஊஞ்சல் சங்கிலியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டாள்.

மூன்றாம் நாள் போனபோது வீடு பூட்டியிருந்தது. மாமிக்கு முழங்காலில் அறுவை செய்ய நாள் கிடைத்துவிட்டதென்று ஸ்நேஹாவின் வீட்டார் பெங்களூருக்கு அழைத்துப் போய்விட்டார்கள். சாளரங்கள் எல்லாம் அடைபட்டிருந்தன.

ஒரு தொலைபேசி அழைப்பு போதும். எதிர்வீட்டில் சாவி இருந்தது. ஆனால் கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால், சோதித்ததையும் மறைத்ததையும் சொல்லியாக வேண்டும். நாளைக்குக் கேட்கலாம் என்று தள்ளினாள். மாசி போயிற்று, பங்குனித் தேரும் அந்த வீதியைக் கடந்துபோயிற்று. கடைக்குப் போகும்போதெல்லாம் அந்தப் பூட்டைப் பார்த்தாள். தரை இதற்குள் ஆறியிருக்கும் என்றும், ஒரே ஓர் இழையை வைத்து எதை முடிவுகட்ட முடியும் என்றும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறர் வீடாக இருந்தால் இந்தப் பேச்சை அவள் ஒரு கணமும் கேட்டிருக்கமாட்டாள்.

ஆனி மாதத்தில் மாமி கைத்தடியோடு திரும்பி வந்தார். சுவரோரம் உப்புப் பூத்திருந்ததைப் பார்க்க அறிவை வரவழைத்தவர், ரூபீனாவுக்கும் சொல்லியனுப்பினார். உள்ளே நுழைந்ததும் அடைபட்ட வீட்டின் வாடை முகத்தில் அறைந்தது. ஆனால் கம்பளம் அப்படியே இருந்தது. நீலம் நீலமாக, பூக்கள் பூக்களாக. ரூபீனாவுக்குக் கண்ணில் நீர் கோத்தது. தப்பிவிட்டது என்று நினைத்தாள்.

"இதைக் கொஞ்சம் தூசி தட்டிப் போடுங்கோ" என்றார் மாமி.

அறிவு குனிந்து ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கினான். மூலை மட்டும் அவன் கையோடு வந்தது. நனைந்த அப்பளம்போலப் பிய்ந்து வந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளிப் பிடித்தான்; அங்கும் விரல் புகுந்து வெளியே வந்தது. ரூபீனா மண்டியிட்டு ஓரத்தைப் புரட்டினாள். முடிச்சுகள் இருந்த இடத்தில் பழுப்பான மாவு இருந்தது. மேலே நின்ற பூக்களைத் தாங்க அடியில் ஒன்றுமே இல்லை.

"அன்னிக்கே நா..." என்று தொடங்கிய அறிவு, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"ஐயையோ, மக்கிப் போயிடுத்தா?" என்று மாமி ஊஞ்சலில் உட்கார்ந்தார். பிறகு அவளைத் தேற்றுவதற்காகவே சொன்னார்: "போனா போறது விடு ரூபீனா. ஒரு கம்பளந்தானே, உசிரா போயிடுத்து? வேற ஒண்ணு நீயே பாத்துக் கொண்டுவா. உன் கண்ணு பொய்க்காது."

மருத்துவம் கைவிட்டபோது ரூபீனா மருத்துவரை ஏசியிருக்கிறாள். தொழுகையில் இறைவனிடமே வழக்காடியிருக்கிறாள். இப்போது ஏசவும் வழக்காடவும் எதிரே ஒருவருமில்லை. நோய் மகளைக் கொண்டுபோயிற்று. மகள் விட்டுப்போனதைச் சுண்ணாம்புக்குத் தின்னக் கொடுத்தது ரூபீனாவின் கை.

"இத நா எடுத்துக்கினு போறேன் மாமி" என்றாள்.

"இதையா? எதுக்குடி? குப்பை வண்டிலே போட்டுடலாமே."

"நூலு பாக்கணும்."

சுருட்ட முடியவில்லை, சுருட்டச் சுருட்ட மடிப்புதோறும் வெடித்தது. அறிவு ஒரு தார்ப்பாய் கொண்டுவந்தான். அதில் வாரிப் போட்டுக் கயிற்றால் கட்டி ஆட்டோவில் ஏற்றினார்கள்.

"இன்னாக்கா, பொணத்த கட்னாப்புல கட்டிக்கினு வர்ற? ஸ்டேசனாண்ட நிறுத்தி கேட்டா நா மாட்டிக்குவேன்" என்று ஓட்டுநர் சிரித்தார். கொஞ்ச தூரம் போனதும் கண்ணாடியில் அவளைப் பார்த்தவர், ஒலித்துக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினார்.

அமீன் கீழே சந்தில் நின்றுகொண்டிருந்தான். தார்ப்பாயின் வாய் திறந்திருந்த இடத்தில் நீலத்தைக் கண்டு கைவிட்டுத் தடவினான். கை உள்ளே போயிற்று. எடுத்துத் தன் விரல்களைப் பார்த்தான்.

"நீ இழ வெச்சி பாக்கலியா?"

"பாத்தேன்."

அவன் திட்டியிருந்தால் அவளுக்கு நல்லதாயிருந்திருக்கும். அவன் மூட்டையின் முன்பக்கத்தைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். அவள் பின்பக்கத்தைப் பிடித்தாள். குறுகிய படிக்கட்டில் ஒவ்வொரு திருப்பத்திலும் மூட்டை சுவரில் உரசியது. வீட்டுக்குள் அதைக் கிடத்தியதும் அமீன் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

சிறிது நேரத்தில் கீழ்வீட்டிலிருந்து கோமளத்தின் குரல் வந்தது. "யாரும்மா அது, படி பூரா தூசி கொட்டினு போனது? இப்பத்தான் பெருக்கிட்டு வந்தேன், இத யாரு அள்ளறது?"

"நாந்தான் கோமளம். தோ வர்றேன்" என்று ரூபீனா துடைப்பத்தையும் முறத்தையும் எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

மேல் படியிலிருந்து தொடங்கினாள். பழுப்புத் தூளும், நீல மயிரும், இடையிடையே வெள்ளையும் பொன்னிறமும் துடைப்பத்தின் முன்னே திரண்டு படிபடியாக இறங்கின. கோமளம் தன் வாசலில் நின்று, இன்னும் மூலையில் கொஞ்சம் இருக்கிறது என்று கைநீட்டிக் காட்டினாள். அதையும் கூட்டினாள். கடைசிப் படியில் எல்லாவற்றையும் முறத்தில் அள்ளிக்கொண்டு நிமிர்ந்தாள். சந்து முனையில் குப்பைத் தொட்டி திறந்திருந்தது. ரூபீனா முறத்தை இரு கைகளாலும் ஏந்தியபடி, அதை எங்கே கொண்டுபோவது என்று தெரியாமல் அங்கேயே நின்றாள்.