ஏரித் தண்ணீர் தெளியும் வரை

உத்திரமேரூர் ஏரி எந்த ஆண்டு எப்போது நிரம்பியது, செம்மண் நிறம் மாறி எப்போது தெளிந்தது என்று எழுதி வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தபோது தொடங்கியது. ஓய்வு பெற்ற பிறகும், மனைவி இறந்த பிறகும் விடவில்லை. யாரும் அதைக் கேட்டதில்லை. வீட்டில் புத்தகங்கள் நிறைய இருக்கின்றன. பேசத்தான் ஆள் இல்லை.

சென்ற ஐப்பசியில் ஒருவர் கேட்டார். சென்னையில் ஒரு பொறியியல் கல்லூரியில் ஆராய்ச்சி செய்யும் என் மகள். நம் ஏரித் தண்ணீர் எப்போது தெளியும் என்று போனில் கேட்டாள். மழை விட்ட பிறகு வாரத்துக்கு வாரம் கொஞ்சமாகத் தெளியும், தை பிறக்கும்போதுதான் அடி தெரியும் என்றேன்.

"அப்ப அதுவரைக்கும் அங்கயே இருக்கேன் நைனா" என்றாள்.

அம்மா போனதிலிருந்து அவள் ஓர் இரவுக்கு மேல் வீட்டில் தங்கியதில்லை. அறையை நானே ஒட்டடை அடித்துக் கழுவினேன்.

அவளுடைய வேலை தண்ணீருக்குள் கம்பியில்லாமல் செய்தி அனுப்புவது. செல்போனுக்கு உதவும் ரேடியோ அலை தண்ணீருக்குள் சீக்கிரம் அடங்கிவிடும். வெளிச்சம் இன்னும் கொஞ்சம் போகும். ஒரு பலகையில் பச்சை எல்.இ.டி. விளக்குகளைப் பதித்து, தண்ணீர் புகாமல் மூடி, தொட்டியின் ஒரு கோடியில் இறக்குவாள். மறுகோடியில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு செல்போன் கேமரா. விளக்குகள் எரிந்து அணைவதுதான் எழுத்து. வேகம் அதிகம் என்பதால் என் கண்ணுக்கு அவை அசையாமல் எரிவதுபோலவே தெரிந்தன. கேமரா படத்தை வரி வரியாகப் பிடிக்கிறது. அதனால் அதில் கறுப்பும் பச்சையுமாகக் கோடுகள் விழுந்தன. அந்தக் கோடுகளை லேப்டாப் திரும்ப எழுத்தாக்கும்.

கல்லூரித் தொட்டியின் குழாய்த் தண்ணீரில் எல்லாம் சரியாக வந்துவிட்டதாம். எவ்வளவு சேறு வரை எழுத்து தப்பி வரும், எங்கே தொலையும் என்பதைக் கலங்கலின் ஒவ்வொரு படியிலும் பார்க்க வேண்டும். அதற்குத்தான் ஏரி தெளியத் தெளிய அவள் காத்திருக்க வேண்டியிருந்தது.

எங்கள் நிலத்து மோட்டார் கொட்டகை அருகே ஒரு சிமெண்டுத் தொட்டி உண்டு. வாரம் ஒரு முறை பழைய தண்ணீரை வயலுக்கு விட்டுவிட்டு, ஏரி மதகிலிருந்து வரும் கால்வாய்த் தண்ணீரை அதில் நிரப்புவோம். வெயில் கேமராவைக் குழப்பும் என்பதால் மேலே தார்ப்பாய். சேறு அடியில் தங்கிவிடாமல் மூங்கில் கழியால் கலக்குவது என் வேலை.

அனுப்பிப் பார்க்க நீளமான எழுத்து வேண்டும் என்றாள். என் ஏரிக் குறிப்புகளைத் தட்டச்சு செய்து கொடுத்தேன். முதல் வாரம் அவை கட்டங்களாகவும் கேள்விக்குறிகளாகவும் வந்தன. அவள் அதையும் சந்தோஷமாகச் சேமித்துக்கொண்டாள். வராமல் போவதும் ஒரு முடிவுதான் என்றாள்.

நாங்கள் அதிகம் பேசிவிடவில்லை. சாப்பிடும்போதும் லேப்டாப் பார்ப்பாள். ஆனால் பக்கத்து அறையில் நாற்காலி நகரும் சத்தம் இருந்தது. காலையில் காபிக்கு இரண்டு டம்ளர் எடுத்தேன். தண்ணீர் தெளியவே கூடாது என்று நினைத்ததாகச் சொன்னால் அது மிகை. மெதுவாகத் தெளியட்டும் என்று நினைத்தேன்.

எங்கள் வயலில் பல வருடங்களாகக் களை எடுக்க வரும் ஓர் அம்மாள், சாலவாக்கம் பக்கத்துக்காரர், நான் சேற்றைக் கலக்குவதைப் பார்த்துப் பார்த்துச் சிரிப்பார். "ரிட்டையர் ஆயி நல்ல வேலயா புடிச்சிக்கினீங்கண்ணா" என்பார். அவரிடம் யாரும் இந்த வேலை என்னவென்று சொல்லவில்லை. தண்ணீர் கலங்கியிருப்பதால் பெண்ணின் வேலை நடக்கவில்லை, அப்பனும் மகளும் வழி தெரியாமல் திண்டாடுகிறார்கள் என்று அவரே முடிவு செய்துகொண்டார்.

கார்த்திகை பாதியில் ஒரு காலை தார்ப்பாயை விலக்கினால் தொட்டியின் அடி தெரிந்தது. சிமெண்டுப் பூச்சின் விரிசல்கூடத் தெரிந்தது. மகள் என்னைப் பார்த்தாள். வரப்பிலிருந்து அந்த அம்மாள் கை துடைத்துக்கொண்டு வந்தார்.

"இன்னா பாப்பா, தண்ணி எப்டி கீது? நேத்து வூட்டுக்குப் போவசொல தேத்தாங்கொட்டய ஒரசி வுட்டேன். நீங்க கலக்கிக்கினே கீறீங்க, இத்தத் தெரியாம."

குடிநீர்ப் பானையில் சேறு அடங்க அந்தக் கொட்டையை உரசிவிடுவது இங்கே வழக்கம். ஒரு தொட்டிக்கே அதைச் செய்வார்கள் என்று எனக்குத் தோன்றியதில்லை. அந்த வாரத் தண்ணீர் பாழ். மகள் கோபப்படப் போகிறாள் என்று அவளை முந்திக்கொண்டு நான் வாயைத் திறந்தேன்.

அவள் தொட்டிக்குள் கையை விட்டு அளைந்துகொண்டிருந்தாள். எவ்வளவு நேரத்தில் தெளியும் என்று அந்த அம்மாளிடம் கேட்டாள். கொஞ்சமாக உரசினால் மெதுவாக, நிறைய உரசினால் சீக்கிரம் என்று பதில் வந்தது. மகள் என் பக்கம் திரும்பினாள்.

"நைனா, புதுத் தண்ணி ரொப்பி, கொட்டையக் கொஞ்சம் கொஞ்சமா ஒரசினா, எல்லாப் படியும் ஒரே நாள்ல கெடைச்சிடும். தை வரைக்கும் உக்கார வேணாம்."

பஸ் நிலையத்துக்குப் பக்கத்து நாட்டு மருந்துக் கடைக்கு வண்டியில் போனேன். தேற்றாங்கொட்டை இல்லை என்று சொல்லிவிட்டால் நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டே கேட்டேன். எவ்வளவு வேண்டும் என்றார் கடைக்காரர். கூடவே, கிணற்றுக்கா என்றார். மகளுக்கு என்றேன். அவர் பொட்டலம் கட்டினார்.

மறுநாள் விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை வேலை. அந்த அம்மாள் களையை விட்டுவிட்டுத் தொட்டியின் சொரசொரப்பான சுவரில் கொட்டையை உரசினார்; நான் கலக்கினேன்; மகள் தார்ப்பாய்க்குள் தலையை நுழைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் கலங்கலை அளந்து, எழுத்தை அனுப்பினாள். முதலில் கட்டங்கள். உச்சிவேளையில் நடுநடுவே சொற்கள். பிறகு வரிகள். மாலையில் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள். நான் எழுதியது ஒரு புள்ளி குறையாமல் தண்ணீரைத் தாண்டி வந்திருந்தது.

"வந்துடுச்சி நைனா" என்று என் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். சேற்றுக் கை. அவள் முகத்தில் அப்படியொரு மகிழ்ச்சியை அவள் அம்மா இருந்தபோதுதான் பார்த்திருக்கிறேன். எனக்கும் மகிழ்ச்சிதான், அதில் பொய் இல்லை.

இரண்டு நாளில் பெட்டி கட்டினாள். அடுத்தது கடல் தண்ணீராம், அதற்குச் சென்னையிலேயே இடம் இருக்கிறதாம். செங்கல்பட்டு பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு, கீழே நின்று கேட்டேன்.

"பொங்கலுக்கு வருவியா?"

"பாக்கறேன் நைனா. கடல்ல ஆரம்பிச்சிட்டா லீவு கஷ்டம்."

அவள் சொன்னது நியாயம். மழைக்காலத்து ஏரியால் ஆக வேண்டியது ஆகிவிட்டது.

அடுத்த நாள் தொட்டியின் துளையைத் திறந்துவிட்டு, அடியில் படிந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். களை எடுக்கும் அம்மாள் வந்து எட்டிப் பார்த்தார்.

"பாப்பா போயிடுச்சா? பொங்க வரிக்கும் இருக்கும்னு சொன்னீங்க."

"வேலை முடிஞ்சிடுச்சு. நீ கொட்டை உரசினதால சீக்கிரமா முடிஞ்சிடுச்சு."

"அப்ப நம்மால ஒரு ஒத்தாச ஆச்சுன்னு சொல்லுங்க" என்றார். முகம் மலர்ந்திருந்தது.

ஆமாம் என்றேன். மிச்சக் கொட்டை இருந்தால் தன் வீட்டுப் பானைக்கு எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். கொட்டகைக்குள்ளிருந்து பொட்டலத்தைக் கொண்டுவந்து அப்படியே கொடுத்தேன். அவர் முந்தானையில் முடிந்துகொண்டு வயலில் இறங்கினார். தொட்டியில் இன்னும் ஒரு மூலை பாக்கி இருந்தது.